காவலரின் சேமிப்புக்குக் காவல் யார்?

படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூர் மாவட்டத்தின் விஜயபுரம் ஆந்திரத்தின் பக்கம் நின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. உழவும் சந்தையும் திருமண உறவும் எல்லையைப் பார்ப்பதில்லை. இருபுறத்துக் காவல் நிலையங்களிலும் பணிபுரிகிற சாதாரணக் காவலர்களின் வாழ்க்கையும் ஒன்றுபோன்றதே. அவர்களுடைய முதுமைக்கான பணம் மட்டும் இரண்டு வெவ்வேறு வழிகளில் சென்றது.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின்னரும், ஆந்திரத்தில் 2004 செப்டம்பர் 1க்குப் பின்னரும் பணியில் சேர்ந்த அரசு ஊழியர் அனைவரும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டனர். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அந்தப் பணத்தைத் தன் கணக்கிலேயே பல்லாண்டுகள் வைத்துக்கொண்டது. அங்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பும் இருக்கவில்லை, ஓய்வு பெற்றவருக்கு மாதந்தோறும் என்ன கிடைக்கும் என்ற விதியும் இருக்கவில்லை. ஆந்திர அரசு பணத்தைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் வழியே நிதிச் சந்தைக்கு அனுப்பியது. அங்கே கண்காணிப்பு அமைப்புகள் பல உண்டு, உத்தரவாதம் இல்லை. பணத்துக்கு உரியவர் கேள்வி கேட்பதற்கான இருக்கை எல்லையின் எந்தப் பக்கத்திலும் போடப்படவில்லை.

ஓய்வூதிய நிதியின் மேற்பார்வை கணக்காளர்களும் முதலீட்டு வல்லுநர்களும் பேசித் தீர்க்க வேண்டிய நுட்பப் பிரச்சினையாகவே மக்கள்முன் வைக்கப்படுகிறது. உண்மையில் இது அதிகாரம் பற்றிய பிரச்சினை. நட்டம் வந்தால் சுமப்பவர் யார், முடிவெடுப்பவர் யார் என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே விடை வராத இடத்தில் எவ்வளவு தணிக்கை நடந்தாலும் பயன் குறைவே. வாய்திறக்கும் உரிமையே மறுக்கப்பட்ட காவலர்களின் நிலையில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

சுமை இடம் மாறிய கதை

ஓய்வூதியம் அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, ஆற்றிய பணிக்கு ஊழியர் ஈட்டிய உரிமை என்று டி.எஸ்.நகரா வழக்கில் உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று தெளிவுபடுத்தியது. இன்றும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். தீர்ப்பு வந்து ஏறத்தாழ 21 ஆண்டுகளில் வாஜ்பாய் அரசு அந்த உரிமையின் அடித்தளத்தைப் பெயர்த்தது. ஆயுதப் படைகள் நீங்கலாக, 2004 ஜனவரி 1க்குப் பின் பணியில் சேரும் மத்திய அரசு ஊழியர்களுக்கு வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் இல்லை என்று அறிவித்தது. எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் காவல் படையும் புதிய திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன.

முதலாம் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக் காலத்தில் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மசோதாவை இடதுசாரிக் கட்சிகள் தடுத்து நிறுத்தின. 2013 செப்டம்பரில் காங்கிரஸ் கொண்டுவந்த அதே நோக்கமுள்ள சட்டத்துக்கு பாரதிய ஜனதா கட்சி கைகொடுத்தது. சந்தையில் விலைகொடுத்து வாங்கும் உத்தரவாதத்தைத் தவிர, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எந்தப் பயனுக்கும் உறுதி அளிக்கப்படாது என்பதை அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு எழுத்திலேயே வைத்திருக்கிறது. உறுதி அளிக்காமை நிர்வாகத்தின் குறையாக நேர்ந்ததன்று. திட்டத்தின் இலக்கணமே அதுதான்.

மாற்று வழி இருக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு இத்திட்டத்தில் சேர மறுத்தது. திரிபுராவில் 2018இல் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்த பிறகே புதிய திட்டம் நுழைந்தது. கேரளத்தில் 2013 ஏப்ரல் முதல் காங்கிரஸ் தலைமையிலான அரசு அதைப் புகுத்தியது. 2016க்குப் பின் வந்த இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலும் அது பல்லாண்டுகள் நீடித்ததை மறைக்க வேண்டியதில்லை. ஒருமுறை சந்தைக்குள் தள்ளப்பட்ட ஓய்வூதியத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதையே அது காட்டுகிறது.

பிடித்தம் போகும் பாதை

ஆந்திரத்தில் ஒரு காவலரிடம் பிடிக்கப்படும் 10 சதவீதத்துடன் அரசு தன் பங்காக 10 சதவீதத்தைச் சேர்க்கிறது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கான பங்கை 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதமாக உயர்த்தியது. இந்தத் தொகை ஆவணக் காப்பு முகமை, அறங்காவலர் வங்கி ஆகியவற்றின் வழியாக நிதி மேலாளர்களைச் சென்றடைகிறது. அரசு ஊழியர்களின் பணத்தை வழக்கமாகக் கையாள்பவை ஸ்டேட் வங்கி, எல்ஐசி, யுடிஐ ஆகியவற்றின் ஓய்வூதிய நிதி நிறுவனங்கள். பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களிலும், எஞ்சியது கம்பெனிகளின் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் முதலீடு செய்யப்படுகிறது.

ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை கையில் பெறலாம். குறைந்தது 40 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டி, மாத வருவாய் தரும் திட்டத்தை வாங்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு காவலரின் கணக்கில் 40 லட்சம் ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கொண்டால், 24 லட்சம் கைக்கு வரும். மீதி 16 லட்சத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாத வருவாய் 8,000 ரூபாய். முழு 40 லட்சத்தையும் கட்டினாலும் மாதம் 20,000 ரூபாய்தான். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. அதே காவலர் 60,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் ஓய்வு பெற்றிருந்தால், பழைய திட்டத்தில் அவருடைய ஓய்வூதியம் 30,000 ரூபாயில் தொடங்கும். அகவிலை உயர உயர அதுவும் உயரும். ஆணையம் எத்தனை சுற்றறிக்கைகள் வெளியிட்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆந்திரத்தில் ஓய்வு வயது 62. 2005இல் 25 வயதில் காவலராகச் சேர்ந்தவர் 2042இல்தான் ஓய்வு பெறுவார். இன்று கணக்கில் நிகழும் பிழையின் விளைவு வெளிப்படும்போது, அதைச் செய்த அமைச்சரும் அதிகாரியும் மேலாளரும் பதவியில் இருக்கமாட்டார்கள். ஆகவே ஓய்வூதிய நிதியின் மேற்பார்வையை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்க முடியாது.

யார் பார்க்கிறார்கள்?

இந்த நிதிக்கு மேற்பார்வையாளர் இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 2008இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று சந்தாதாரர்களின் பெயரால் சொத்துகளை வைத்திருக்கிறது. அந்த அறங்காவலர்களை நியமிப்பது ஆணையம், ஆணைய உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. ஊழியர் சங்கங்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் சட்டம் காட்டும் இடம் ஓர் ஆலோசனைக் குழு. அதே குழுவில் வணிக, தொழில் துறையினருக்கும் இடைத்தரகு நிறுவனங்களுக்கும் இடம் உண்டு. அது ஆலோசனை கூறலாம், முடிவெடுக்க இயலாது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் வாரியத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் தொழிலாளர் தரப்புக்கு 10 இடங்கள் உள்ளன. 2015இல் வைப்பு நிதியைப் பங்குச் சந்தையில் போடும் முடிவு வந்தபோது, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் வாரியத்துக்குள்ளேயே எதிர்ப்பைப் பதிவு செய்ய முடிந்தது. முடிவைத் தடுக்க இயலாவிட்டாலும் கேள்வி பதிவேட்டில் ஏறியது. கோடிக்கணக்கான தொழிலாளர்கள் செய்தியை அறிந்தனர்.

காவலர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 1966ஆம் ஆண்டின் காவல்படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிய அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடைசெய்கிறது. ஊடகங்களிடம் பேசுவதற்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆந்திரத்தில் காவல் அதிகாரிகள் சங்கம் இருக்கிறது. ஆனால் வேலைநிறுத்தத்தையோ வெளிப்படையான இயக்கத்தையோ அத்தகைய சங்கத்தால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. மற்ற ஊழியர்களைப் போலவே சந்தையின் இடரைச் சுமக்கிற காவலர், மற்ற ஊழியர்களைப் போல அதை எதிர்த்துப் பேச முடியாது.

கண் விலகிய இடங்கள்

உத்தரப் பிரதேசத்தில் நடந்தது ஒரு பெரும் பாடம். மின்வாரிய ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியை நிர்வகித்த அறக்கட்டளைகள் சுமார் 4,100 கோடி ரூபாயை டிஎச்எப்எல் என்னும் தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் போட்டன. 2019இல் அந்த நிறுவனம் தள்ளாடி விழுந்தபோது, சுமார் 2,260 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. நிதி அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். ஊழியர்கள் வேலையைப் புறக்கணித்துப் போராடிய பிறகே பணத்துக்குப் பொறுப்பேற்பதாக மாநில அரசு அறிவித்தது. வேலையைப் புறக்கணிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதே நிலை காவலர்களுக்கு நேர்ந்தால் அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் மேலாளர்களும் தப்பவில்லை. 2018இல் கடனைத் திருப்பித் தர இயலாமல் விழுந்த ஐஎல் அண்ட் எப்எஸ் குழுமத்தின் கடன் பத்திரங்கள் ஓய்வூதிய நிதியின் கையிலும் இருந்தன. விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அந்தக் குழுமத்துக்கு மிக உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருந்தன. விதிமுறைப்படியே வாங்கினோம் என்று மேலாளர் சொல்லலாம். மதிப்பெண் தாளில் பார்த்த பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்தது.

ஆந்திரத்தில் பணம் சந்தையைச் சேருவதற்கு முன்பே கேள்விகள் எழுந்தன. 2022 ஜூனில், சுமார் 90,000 ஊழியர்களின் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளிலிருந்து 800 கோடி ரூபாய் அவர்கள் அறியாமலே எடுக்கப்பட்டதாக அரசு ஊழியர் சங்கம் குற்றஞ்சாட்டியது. தொழில்நுட்பக் காரணம் என்றது அரசுத் தரப்பு. காரணம் எதுவாயினும், தம் கணக்கில் பற்று எழுதப்பட்டதைக் குறுஞ்செய்தி வந்த பிறகே உரியவர்கள் அறிய நேர்ந்தது. வேலிக்கும் ஒரு வேலி வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க நகரங்கள் கற்பிப்பது

இந்தியாவில் காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. நகராட்சிகளுக்கெனத் தனிக் காவல்துறையோ காவலர் ஓய்வூதிய நிதியோ இங்கில்லை. அமெரிக்காவில் இரண்டும் உண்டு. ஆகவே காவலர்களே மேற்பார்வையில் பங்கேற்றால் என்ன ஆகும் என்பதை அறிய அந்நாட்டு அனுபவம் உதவுகிறது.

இல்லினாய் மாநிலச் சட்டப்படி, நகரக் காவலர் ஓய்வூதிய நிதிக்கு ஐவர் கொண்ட வாரியம் உண்டு. இருவரை மேயர் நியமிக்கிறார். இருவரைப் பணியிலுள்ள காவலர்களும், ஒருவரை ஓய்வூதியம் பெறுவோரும் தேர்ந்தெடுக்கின்றனர். பணத்துக்கு உரியவர்கள் பெரும்பான்மையாக அமரும் வாரியம் நடைமுறையில் சாத்தியமே என்பதற்கு இது சான்று. சிறு நிதிகள் தனித்தனியே முதலீடு செய்வதால் செலவு மிகுகிறது என்று கூறி, முதலீட்டை மட்டும் மாநில அளவில் ஒன்றாக இணைக்கும் சட்டம் 2019இல் அங்கே நிறைவேறியது.

இருக்கை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவதும் பிழை. டெக்சாஸின் டல்லாஸ் நகரத்தில் காவலர், தீயணைப்போர் ஓய்வூதிய நிதியின் வாரியத்தில் அவர்களுடைய பிரதிநிதிகளே பெரும்பான்மை. அந்த வாரியம் ஹவாயின் சொகுசு வீடுகளிலும் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலும் நில முதலீடுகளில் இறங்கி நட்டமடைந்தது. சிறப்புச் சேமிப்புக் கணக்குகளுக்குச் சந்தையில் எங்கும் கிடைக்காத வட்டியையும் உறுதியளித்திருந்தது. 2016இல் அச்சம் பரவியதும் சில மாதங்களுக்குள் 50 கோடி டாலருக்கும் மேல் வெளியேறியது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் பயன்களைக் குறைத்து, வாரியத்தின் பெரும்பான்மையை மேயரின் நியமன உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது. இலாப வேட்கைக்கு வாரியத்தைத் திறந்துவிட்டால், தொழிலாளியின் பிரதிநிதியையும் நிதி மூலதனம் தன் மொழியில் பேச வைத்துவிடும்.

டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு அளித்தது. ஓய்வூதியத்துக்கு மிச்சிகன் அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தும், ஓய்வு பெற்ற நகர ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது. காவலர்களுக்கும் தீயணைப்போருக்கும் விலைவாசி ஈட்டுத்தொகை பாதிக்கும் மேல் குறைந்தது. மூன்று இடங்களின் அனுபவமும் சேர்ந்து ஒரு முடிவைத் தருகிறது. உரியவருக்கு இருக்கை வேண்டும், முதலீட்டுக்கு வரம்பு வேண்டும், இரண்டுக்கும் அடியில் அரசின் உத்தரவாதம் வேண்டும். இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறுக்க முடியாது.

தடுப்பின் இருபுறமும் ஒரே கணக்கு

ஆட்சிக்கு வந்த ஒரு வாரத்தில் பங்களிப்புத் திட்டத்தை ஒழிப்பதாக 2019 தேர்தலுக்கு முன் ஜெகன்மோகன் ரெட்டி வாக்களித்தார். வாக்கு நிறைவேறவில்லை. முதலமைச்சரின் முகாம் அலுவலகத்தை முற்றுகையிட 2022 ஏப்ரல் 25 அன்று ஐக்கிய ஆசிரியர் கூட்டமைப்பு அழைப்பு விடுத்தபோது, மாவட்டந்தோறும் ஆசிரியர்கள் வழியில் தடுக்கப்பட்டனர், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். தடுப்பின் ஒருபுறம் 2004க்குப் பின் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள். மறுபுறம் 2004க்குப் பின் பணியில் சேர்ந்த காவலர்கள். இருவரின் ஊதியச் சீட்டிலும் பிடித்தம் ஒன்றே. தமக்கும் சேர்த்துக் கேட்கப்பட்ட கோரிக்கையை அடக்கும் பணி அந்தக் காவலர்களுக்குத் தரப்பட்டது.

2023இல் ஆந்திர அரசு கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதத்துக்கு உறுதி கூறும் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. மத்திய அரசும் 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. 25 ஆண்டு பணிக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி. ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. உறுதி அளிக்கவே முடியாது என்று இருபது ஆண்டுகள் சாதித்தவர்கள் இறங்கி வந்திருப்பது போராட்டத்தின் வெற்றி. உழைத்தவரின் பிடித்தத்தைக் கொண்டே உத்தரவாதத்தை அளப்பது அந்த வெற்றியின் குறை.

எழும் எதிர்வாதங்கள்

பழைய திட்டத்துக்குத் திரும்பினால் மாநிலங்களின் சுமை 4.5 மடங்கு வரை உயரலாம் என்று 2023இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வு ஒன்று எச்சரித்தது. அரசின் வரவு இயற்கையால் விதிக்கப்பட்டதன்று. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் என்று அரசே கூறியது. அப்போது எவரும் கருவூலம் தாங்குமா என்று மடங்குக் கணக்குப் போடவில்லை. ராஜஸ்தான், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்பியபோது, அவற்றின் ஊழியர் பெயரில் சேர்ந்த தொகையைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு மறுத்தது. பணம் யாருடையது என்ற கேள்விக்கு அந்த மறுப்பே விடை சொல்லிவிட்டது.

இன்னொரு கேள்வி இடதுசாரி வாசகரின் உள்ளத்திலேயே எழும். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டு மரம்வெட்டும் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராடும் உழைப்பாளியின்மேல் விழும் தடியும் காவல்துறையுடையதே. அத்தகைய துறையினரின் ஓய்வூதியத்துக்காக ஏன் குரல் கொடுக்க வேண்டும்? அந்தச் சினம் நியாயமானது. சேஷாசலத்தின் 20 உயிர்களுக்கும் நீதி கேட்கும் கடமை குறையவில்லை. ஆயினும் சுடும் ஆணை பிறக்கும் இடம் வேறு, மாதச் சம்பளத்தில் 10 சதவீதம் இழக்கும் இடம் வேறு. பிரம்மோற்சவத்தில் இரவு பகலாக நிற்கிற காவலர் உழவர், தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்தவர். கேட்கும் உரிமையற்ற ஊழியர் ஏவப்படும் கருவியாக நீடிப்பார். உரிமையறிந்த ஊழியரே என்றாவது ஒருநாள் முறையற்ற ஆணையின்முன் தயங்கி நிற்பார்.

வேண்டுவன

வரையறுக்கப்பட்ட பழைய ஓய்வூதியத்தை மீட்பதே முதன்மைக் கோரிக்கை. அது கிட்டும்வரை சேர்ந்துள்ள நிதியை எவரும் மேயாமல் காப்பதும் போராட்டத்தின் பகுதியே. பிடித்த தொகையும் அரசின் பங்கும் எந்த நாளில் கணக்கில் சேர்ந்தன என்பதை மாநில அரசு மாதந்தோறும் வெளியிட வேண்டும். தாமதத்துக்கு வட்டியை அரசே தர வேண்டும். சந்தாதாரர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு அறக்கட்டளையிலும் ஆணையத்திலும் வாக்குரிமையுள்ள இடங்கள் வேண்டும். தனியார் கம்பெனிப் பத்திரங்களில் நேரும் இழப்பு ஊழியர் கணக்கில் இறங்கலாகாது. காவலர்கள் தம் ஊதியம், பணிநேரம், ஓய்வூதியம் பற்றிப் பேச அமைப்பாகும் உரிமையை 1966 சட்டத்தைத் திருத்தி வழங்க வேண்டும்.

ஆந்திரத்தின் ஆசிரியர்களும் தமிழ்நாட்டின் அரசு ஊழியர்களும் இந்தக் கோரிக்கைகளுக்காக நெடுங்காலமாகத் தெருவில் நிற்கின்றனர். அவர்களை மறிக்கத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தப்படும் காவலருக்கும் சேர்த்தே அவர்கள் நிற்கின்றனர். எல்லையின் இருபுறத்துச் சங்கங்களும் தம் துண்டறிக்கைகளில் இதைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளிப்படையாக எழுதி, காவல் நிலையங்களின் வாசல்வரை கொண்டு சேர்க்க வேண்டும்.